இருபத்தெட்டு நிமிடம்

என் ரோந்துக் காரின் வலது இருக்கையில்
பதினோரு வருடம்
சாப்பாட்டுப் பெட்டிதான் உட்கார்ந்து வந்தது.
அக்டோபரிலிருந்து கைசா ரௌதியோ வருகிறாள்.
துப்பாக்கி கிடையாது, தொப்பி கிடையாது,
மருத்துவமனை அட்டையைக்கூடச்
சட்டைக்குள் தள்ளிவிட்டுத்தான் இறங்குவாள்.
கதவைத் தட்டுமுன் பத்து எண்ணுகிறவளை
எங்கே கூட்டிக்கொண்டு அலைவது என்று
முதல் வாரம் வீட்டில் புலம்பினேன்.

ஜனவரி. தண்டர் பே. மைனஸ் முப்பத்தொன்று.
ஏரியில் பனிப்பாளம் விரிசல் விடும் சத்தம்
தெருக்கோடி வரை கேட்கிறது.
அதிகாலை மூன்று மணிக்கு அழைப்பு:
அல்கோமா தெரு, சலவை நிலையம்,
ஆண், ஐம்பதுக்கு மேல்,
உள்ளே தாழ் போட்டிருக்கிறான்,
கையில் ஏதோ மின்னுகிறது.

ஏதோ.
எங்கள் வேலையில் இந்த ஒரு சொல்லுக்கு
எத்தனை சவப்பெட்டிகள்.

மின்னியது சில்லறை.
பதினான்கு இயந்திரங்களும் சுற்றிக்கொண்டிருந்தன,
பதின்மூன்றில் வெறும் தண்ணீர்.
பதினான்காவதில்
ஒரு கைபேசி, அலாரம் கடிகாரம், சின்ன வானொலி,
பாட்டுப் பாடும் பிறந்தநாள் வாழ்த்து அட்டை.
பேசுகிற எல்லாவற்றையும்
துவைக்கப் போட்டிருந்தான் ஆர்மான் திபோ.

கைசா கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்
நடைபாதைப் பனியில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.
'சத்தம் போதுமா, இன்னும் வேண்டுமா?' என்றாள்.
நான் கேட்டிருக்கக்கூடிய
நூறு கேள்விகளில் இது இல்லை.

அவன் என் தோளைக் காட்டினான்.
தோளில் வாக்கி டாக்கி கரகரத்துக்கொண்டிருந்தது.
'அதுவும் பேசுது.'

கழற்றக் கூடாது. விதி.
கைசா என்னைப் பார்க்கவில்லை,
பார்த்திருந்தால் மறுத்திருப்பேன்.
கழற்றிப் பனியில் புதைத்தேன்.
பனிக்கடியில் அது என் எண்ணைக் கூப்பிட்டது,
தொட்டியில் விழுந்த பூனைபோல.
தாழ் திறந்தது.

உள்ளே சோப்புத் தூள் வாசனை, வெதுவெதுப்பு.
அவனிடம் காசு தீர்ந்திருந்தது.
என் பாக்கெட்டில் கால் டாலர்கள் ஏழு.
காவல்துறை அப்படித்தான்
அன்றிரவு ஒரு குற்றமும் இல்லாதவனுக்குக்
கப்பம் கட்டியது.

பதினான்காவது பெட்டி திறக்க
இருபத்தெட்டு நிமிடம்.
இடையில் இழுத்தால் திறக்காது,
உடைத்தால் வெள்ளம்.
மூன்று பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில்
வட்டக் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தோம்.
அவள் எதையும் போதிக்கவில்லை.
ஒருமுறை கொட்டாவி விட்டாள்,
அவனுக்கும் தொற்றியது, பிறகு எனக்கும்.

மூன்று குளிர்காலம் முன்னால்
இதே தெருவில் இன்னொருவன்.
அன்று பக்கத்தில் சாப்பாட்டுப் பெட்டி.
ஏழு நிமிடத்தில் முடிந்தது.
'முடிந்தது' என்றுதான் படிவத்தில் எழுதினேன்.

க்ளிக்.
எவரும் தொடாமல் பூட்டு விட்டது.
அவன் எழுந்து கோட்டை மாட்டினான்.
'ஒலிபெருக்கி இல்லாத வார்டு இருக்கா?'
'தெரியாது,' என்றாள். 'கேட்டுப் பார்ப்போம்.'
ஆமென்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.
சொல்லாததால்தான் பின்னிருக்கையில்
தானே ஏறி உட்கார்ந்தான் என்று நினைக்கிறேன்.

படிவத்தில்:
ஆயுதம், இல்லை. பலப்பிரயோகம், இல்லை.
செலவு: ஒரு டாலர் எழுபத்தைந்து,
அதற்குக் கட்டம் இல்லை.

அவளுக்கு வாரத்தில் நான்கு இரவுதான் சம்பளம்.
மார்ச்சுக்குப் பிறகு அதுவும்
யாரோ கை தூக்கினால்தான்.

இன்று புதன்.
வலது இருக்கையில் பெட்டி.
வாக்கி டாக்கி ஒரு முகவரி சொல்கிறது:
பெண், இருபது வயது, மாடி, கையில் ஏதோ.
வண்டியைத் திருப்புகிறேன்.
பாக்கெட்டில் சில்லறை கிலுகிலுக்கிறது.
கதவு வரும்வரை
எண்ணிப் பழகுகிறேன்,
ஒன்று,
இரண்டு,