ஆறு கிலோ

கவுனாஸில் பனி இன்னும் முழுதாய்க் கரையவில்லை.
கடைசி நிறுத்தத்தில் டிராலிபஸ்ஸை அணைத்துவிட்டு
வைதோதாஸ் டப்பாவைத் திறக்கிறான்:
அவித்த முட்டை மூன்று, புகையிட்ட மீன், புளித்த கோஸ்.
கறுப்பு ரொட்டி இல்லை.
உருளைக்கிழங்கு இல்லாத செவ்வாய்க்கிழமையை
இந்த உடம்பு இதுவரை பார்த்ததில்லை.

"முதல் வாரம் இறங்குவது வெறும் தண்ணீர்"
என்கிறான் டிப்போவில் ஆல்கிஸ்.
"நிறுத்தினால் வட்டியோடு திரும்பும்."

தெரியும்.
வாய் நாறுகிறது. நான்காம் நாள் தலை இடித்தது.
பச்சை விழுந்த பிறகும்
ஒரு கணம் சும்மா நின்றான்,
முதுகுக்குப் பின்னால் முப்பது பேர்.
அதையும் தட்டில் வைக்கிறான்.

மறுதட்டில்
நாலு வாரக் கெடு,
ஆறு கிலோ இறங்கினால்தான் கத்தி எடுப்பேன் என்ற டாக்டர்,
வாரம் மூன்று நாள்
இயந்திரத்தோடு கட்டிக்கிடக்கும் தங்கை ரமூனே.
அவன் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்துகிறது.
இடுப்புதான் பொருந்தவில்லை.

தண்ணீர் என்றால் தண்ணீராகவே போகட்டும்.
எடைக்கருவி
எது இறங்கியது என்று விசாரிப்பதில்லை.
திரும்பி வருவது
தையல் பிரித்த பிறகு வரட்டும்.

நேற்று போனில் கேட்டாள், "என்ன சாப்பிட்டாய்?"
"கிழங்குக் கொழுக்கட்டை, ரெண்டு" என்று புளுகினான்.
"எனக்கும் சேர்த்து இன்னொன்று"
என்றாள், கிழங்கையே தொடக்கூடாதவள்.

மூன்றாவது முட்டையை உரிக்கிறான்.