எட்டாம் நம்பர்

மன்னார்குடி நகராட்சி வளாகத்தில்
ஏழும் ஒன்பதும் ஏலம் போன பிறகும்
எட்டைக் கேட்க ஆளில்லை.
சனி எண், விளங்காது என்றார்
ஏழில் பூட்டு விற்றவர்.
கூத்தாநல்லூர் ஜெய்லானி மட்டும் கையைத் தூக்கினான்.
வாடகை குறைவு என்பதைத் தவிர
அவனுக்கு வேறு சாத்திரம் தெரியாது.

பத்துக்குப் பன்னிரண்டு.
திருப்பூரிலிருந்து சாக்கில் வந்திறங்கும்
கப்பலேறத் தவறிய சட்டைகள்.
ஒரு பொத்தான் கோணல்,
ஒரு காலர் அரை நூல் தாழ்வு.
ஜெர்மனி வேண்டாமென்ற கோணல்தான்
எங்கள் பையன்களுக்கு ஸ்டைல்.

நான் சேர்ந்தது டிரையல் ரூம் வாசலுக்கு.
ரூம் என்றால் ஒரு மூலை, ஒரு திரை,
மூடிய சலூனிலிருந்து வாங்கிய கண்ணாடி.
உள்ளே போகிறவன் மூச்சை இழுத்துப் பிடிப்பது
வெளியே எனக்குக் கேட்கும்.
முப்பத்தெட்டு என்று சொல்லிக்கொள்ளும் நாற்பதுகளை
படியேறும்போதே பிரித்துவிடுவேன்.
அரசி அக்கா கண்ணில் டேப் வைத்திருக்கிறாள் என்பார்கள்.

கடன் நோட்டும் என் கையெழுத்துதான்.
'வடுவூர் கபடி டீம், டீ-ஷர்ட் ஏழு,
சம்பா பணம் வந்ததும்.'
'கோட்டூர் இளம்பரிதி, ஜீன்ஸ் ஒன்று, நீளம் குறைத்தது,
கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடுத்ததும்.'
அறுவடையில் மழை பிடித்த வருடம்
ஒரு பக்கத்தில்கூட நான் கோடு அடிக்கவில்லை.

பிறகு திருவாரூர். பட்டுக்கோட்டை.
கும்பகோணத்தில் இரண்டு மாடி, உள்ளே ஏசி.
பெயர் வைக்க நேரமில்லாமல்
எட்டு என்றே போர்டு.
கஜா அதைப் பிடுங்கிப் பாமணியாற்றில் போட்டது.
மிதந்துகொண்டிருந்தது. எடுத்துத் துடைத்து மாட்டினோம்.

பினாங்கில் கடை பார்க்கப் போனபோது
மால் மேனேஜர் திருமதி டான்
பெயரைக் கேட்டதும் எழுந்து கைகொடுத்தார்.
எட்டு எங்களுக்குச் செல்வம்,
கார் நம்பரில் அது வேண்டுமென்றால்
கூடுதலாகக் கொட்டிக்கொடுப்போம்.
எத்தனை ஜோசியரைப் பார்த்து வைத்தீர்கள்?
ஜெய்லானி என்னைப் பார்த்தான்.
நான் கூரையைப் பார்த்தேன்.
அட்வான்ஸில் ஒரு மாதம் தள்ளுபடி.

ஷார்ஜா கடை திறந்த இரண்டாம் வெள்ளிக்கிழமை
கல்லாவில் இருக்கும் மணிலாப் பெண் ரோவீனா
போன் செய்தாள்.
ஒருத்தர் எதுவும் வாங்காமல்
பதினைந்து திர்ஹம் நீட்டுகிறார், மேடம்.
ஏதோ நோட்டு என்கிறார்.
எந்தக் கட்டத்தில் போடுவது?

போனை அவன் வாங்கினான்.
அக்கா, வடுவூர் செழியன். ரெய்டர்.
ஏழு பேர்ல ஆறு பேரு குடுத்துட்டானுங்க.
நான்தான் பாக்கி.
வட்டியும் சேத்துத்தான்.

கன்சல்டன்ட் அடித்துக்கொடுத்த
நாற்பத்திரண்டு கட்டங்களில்
இதற்கு இடமில்லை.
டிப் என்று வைத்துக்கொள் என்றேன் ரோவீனாவிடம்.
இங்கே மூன்றாம் நோட்டைத் தேடி
ஒரு கோடு அடித்தேன்.
இப்ப என்ன சைஸ்டா?
நாப்பத்திரண்டுக்கா.
மூச்சைப் பிடிக்காமல் சொன்னான்.

போன பங்குனியில் மறு ஏலம்.
எட்டுக்குப் பதினேழு பேர்.
பூட்டுக்கடைக்காரரின் மருமகன் முதல் நாற்காலியில்.
ஜெய்லானி ஜகார்த்தாவில் பேச்சுவார்த்தையில் இருந்தான்.
அவன் சொன்ன தொகைவரை நான் கை தூக்கினேன்.
அதற்கு மேல் போனபோது
கையை மடியில் வைத்துக்கொண்டேன்.
ராசியான நம்பர் என்றார்கள் பின்னால்.
யாருடைய ராசி என்று
திரும்பிக் கேட்கவில்லை.

இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள்.
நல்ல கூட்டம்.
ஒருநாள் நானும் ஒன்று வாங்கினேன்.
இருபது ரூபாய் குறைந்தது.
அப்புறம் தரேன் தம்பி என்றேன்.
கல்லாவுக்கு அடியிலிருந்து
நீள நோட்டு ஒன்றை எடுத்து
பேரு என்னக்கா என்றான்.