பங்குப் பத்திரம், இலக்கம் ஏழு

கொக்குவிலில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்,
முன்பு வீடியோக் கடையாக இருந்த கொட்டிலில்
என் ஆறு லட்சம் ரூபா
நின்றபடி இரைகிறது.

நாலடி உயரம். பச்சைப் பூச்சு.
பழைய லொறி ஒன்றின் கிராங்,
யாருக்கும் முகம் கொடுக்காத ஒரு மானி.
"இதுக்குள்ளயா போட்டனீர்?" என்றார் இவர்,
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று.
ஊழியர் சேமலாப நிதி.
கூட்டுறவுச் சங்கத்தில்
இருபத்திரண்டு வருடம் பேரேடு எழுதியது.
இதுக்குள்ளதான் போட்டேன்.

திருநெல்வேலிச் சந்தையில் மிஞ்சி அழுகிய மரக்கறி,
நீர்வேலி வாழைத்தண்டு, பட்டி மாட்டுச் சாணம்:
குழிக்குள் பொருமி எழும் வாயு
ஓர் அறை நிறைய இருந்தால்
ஒரு கிழமை சமைக்கலாம்.
ஆனால் அறையை லான்ட்மாஸ்டரில் ஏற்ற முடியாது.
மடிக்க வேண்டும் என்கிறான் சர்மிலன்.
சீலை மடிப்பது போலில்லை.
இது மடிக்க மடிக்கச் சுடும்.

இருநூறு பார் வேண்டும்.
முள் நூற்று அறுபத்து மூன்றில் நிற்கிறது,
ஒன்றரை வருடமாக,
சம்பள உயர்வு கேட்டவனுக்குக்
கந்தோர் காட்டும் அதே முகத்தோடு.

கெனடியஸ் குருநகரில் படகு எஞ்சின் திருத்தியவன்.
சவர்க்கார நுரையைத் தூரிகையில் தொட்டு
மூட்டு மூட்டாகப் பூசுகிறான்.
ஓரிடத்தில் ஒரு குமிழி.
"அதாலதான் போகுது அக்கா, உங்கட காசு."
குனிந்து பார்த்தேன்.
ஏழு நிறத்தோடு ஊதி, வெடித்து,
இன்னொன்று.
வடிவாகத்தான் இருந்தது.

மிசிசாகாவிலிருந்து மைத்துனர் குரல் அனுப்பினார்.
பத்திரம் இலக்கம் மூன்று அவருடையது.
"எக்ஸிட் பிளான் என்ன எண்டு கேட்டுச் சொல்லும்."
இரண்டு தரம் கேட்டேன்.

வெளியேறியிருக்கிறோம்.
தொண்ணூற்றைந்து ஐப்பசியில், மழையில்,
ஊர் முழுதும் நாவற்குழிப் பாலத்துக்குள் புகுந்தபோது
என் இடது கை
யாரோ ஒருவரின் சூட்கேசுக்கும்
யாரோ ஒருவரின் முதுகுக்கும் நடுவே
விடியும்வரை இருந்தது.
அது எத்தனை பார் என்று
மானி வைத்தவர் இல்லை.
குளிர் மழைதான். ஆனால் எங்களுக்கு வியர்த்தது.

மைத்துனருக்குப் பதில் எழுதவில்லை.
கணக்குப் புத்தகத்தைத் தாருங்கள் என்றேன்.

எனக்கு பிஸ்டன் தெரியாது.
பற்றுச்சீட்டுத் தெரியும்.
கம்பிக் கொக்கியில் குத்திக் கிடந்ததை உருவி
தரையில் மாதம் மாதமாகப் பரப்பினேன்.
அடைப்பு வளையம், கொழும்பிலிருந்து, கூரியரில்:
சித்திரையில் ஆறு.
வைகாசியில் ஒன்பது.
மார்கழியில் ஒன்று.
"மார்கழியில வேலை செய்யேல்லையோ?"
"செய்தம் அக்கா. இன்னும் கூடத்தான் செய்தம்."
சர்மிலன் சீட்டைப் பார்த்தான்,
பிறகு கூரைத் தகரத்தைப் பார்த்தான்.
மின்விசிறியை யாரோ நிற்பாட்டியது போல
கொட்டில் அமைதியானது.

பழைய பிரிட்ஜ் ஒன்றின் செப்புக் குழாயைச்
சுருளாக வளைத்து, சீமெந்துத் தொட்டியில் இறக்கி,
முதல் அடுக்குக்கும் இரண்டாவதற்கும் இடையில் பொருத்த
பதினொரு நாள் பிடித்தது.
இரண்டு தரம் உடைந்தது.
ஒரு தரம் கெனடியசின் விரல் வெந்தது.
கிணற்று நீரை நான்தான் மோட்டர் போட்டு இறைத்தேன்.
அந்த மணமும் இரைச்சலும் வேண்டாமென்று
பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் ஒரு தலை
வழமைபோல் ஏசிவிட்டுப் போனது.

நூற்று அறுபத்து மூன்று.
கடந்தது.
நூற்று எழுபத்தெட்டில் முள் நடுங்கி
அங்கேயே நின்றது.

ஒருவரும் கைதட்டவில்லை.
இருபத்திரண்டு பார் இன்னும் எங்கோ கிடக்கிறது.
கெனடியஸ் மறுபடி நுரை கரைக்கப் போனான்.
இவர் வந்தார், செருப்பைக் கழற்றினார்,
தொட்டித் தண்ணீருக்குள் கையை வைத்துவிட்டு
"சுடுது" என்றார், புகாரா வியப்பா தெரியவில்லை.

நான் பேரேட்டில் ஒரு வரி சேர்த்தேன்:
கிணற்று நீர். செலவு இல்லை.