ஹார்ன் இல்லாத வண்டி

தண்ணீர்த் திருநாள் முடிந்து மூன்றாம் நாள்.
தான்லுவின் பாலத்தின் நடுவே
லாரிகள் அசையவில்லை.
ஊசி சிவப்பை நோக்கி ஏறுகிறது.
ஓடினால் இறங்கும், நின்றால் ஏறும்.
இது காய்ச்சல் இல்லை,
காற்று வராத நோய்.

ஏசியைப் போட்டுப் பார்த்தேன்.
கூடவே எழும்ப வேண்டிய விசிறி எழும்பவில்லை.
காது கொடுத்தால்
பெல்ட் சத்தம்,
யாரோ வெற்றிலை துப்பும் சத்தம்,
கீழே ஆறு.

ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டேன்.
சித்திரை வெயில்,
பின்சீட்டில் நாலு பேர், ஒரு கூடைக் கருவாடு.
"மா ந்யோ, எங்களை அவிக்கிறாயா?" என்றாள் டோ த்வே யீ.
"இஞ்சின் சூட்டை ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்,
பாலம் முடியும் மட்டும்."
கருவாடு தன் பங்கை
உடனே வாங்கிக்கொண்டது.

மொட்டமா முனையில், படௌ மர நிழலில்
பானெட்டைத் தூக்கினேன்.
ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை.
போன வருஷம் தொட்டதற்குச் சாட்சி
மணிக்கட்டில் மாவடு அளவு இருக்கிறது.

மஹாச்சாயில் இறால் கம்பெனியிலிருந்து
வீட்டுக்காரர் போனில் வந்தார்.
"தெர்மோஸ்டாட்டாக இருக்கும். கை வைக்காதே.
யாராவது ஆம்பளையைக் கூப்பிடு."
சிக்னல் விட்டுவிட்டு வந்தது,
ஆம்பளை மட்டும் தெளிவாகக் கேட்டது.
போனை வைத்தேன்.
கையையும் வைத்தேன்.

முதலில் ஃபியூஸ். உள்ளே கம்பி அறுபடவில்லை.
அப்புறம் மோட்டார்:
இணைப்பைக் கழற்றி
பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர், நேராக.
ஒரு பொறி. ஓர் உறுமல்.
இறக்கைகளுக்குள் வாடிக் கிடந்த மஞ்சள் பூவெல்லாம்
என் முகத்தில் பறந்தது.
ஆக, இது சாகவில்லை.
யாரும் எழுப்பவில்லை, அவ்வளவுதான்.

எழுப்புகிறது ரிலே.
பெட்டி மூடியில் ஜப்பான் எழுத்து.
தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், பர்மிய எழுத்து தண்ணீர் பட்ட பாடு,
இது
எதைப் பிடுங்கினால் எது நிற்கிறதென்று
ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துப் படித்த பாஷை.
இது விளக்கு. இது ஹார்ன். இது விசிறி.

விசிறியின் ரிலேயைப் பிடுங்கினேன்.
நாலு காலில் ஒன்று கருகியிருந்தது,
மற்ற மூன்றிலும் பச்சைக் களிம்பு.
வருஷம் குளிரட்டும் என்று
ரோட்டோரப் பிள்ளைகள் கிரில் வழியே ஊற்றிய வாளி!
யாரைத் திட்ட?
சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தவள் நான்தான்.

ஹார்ன் ரிலேக்கும் அதே நாலு கால்,
முதுகில் அதே எண்.
வீட்டில் ஞானசௌந்தரி, அட்டையில் மா ந்யோ ந்யோ,
எந்தக் குழியில் செருகினாலும்
வேலை செய்கிறவள்தானே நானும்.
மாற்றிச் செருகினேன்.
சாவியைத் திருப்ப,
டிக்.
விசிறி கிளம்பியது.
ஊசி ஒரு நூல் இறங்கியது,
யோசித்தது,
இன்னொரு நூல் இறங்கியது.

தாட்டன் வரை நாற்பது மைல்,
ஊமை வண்டி.
வளைவில் ஒரு மாடு குறுக்கே நின்றது.
பின்சீட்டு மொத்தமும் தலையை வெளியே நீட்டி
பர்மியத்தில் ஒரு கத்தல், மோனில் ஒரு கத்தல்,
நான் தமிழில் ஒன்று, அதை இங்கே எழுத முடியாது.
மாடு சாவகாசமாகத் திரும்பி
டோ த்வே யீயைப் பார்த்தது,
கூடையைப் பார்த்தது,
அப்புறம் போனது.

ரிலே தாட்டன் பஜாரில் கிடைக்கும்.
பழசு போதும், பேரம் பேசலாம்.

மறுபடி போன்.
"யார் வந்து சரி பண்ணினது?"
பதிலுக்கு நீளமாக ஒரு ஹார்ன் அடிக்கக் கை போனது.
அழுத்தினேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
விசிறி ஓடிக்கொண்டிருந்தது.