நாற்பத்துமூன்று டிகிரியில் ஹீட்டர்

நுகுஸிலிருந்து கோங்கிராத் வரை
நாலு பேரை ஏற்றும் வெள்ளை நெக்ஸியா என்னுடையது.
ஜூன் பிறந்ததிலிருந்து
ஜன்னல் நாலையும் இறக்கி
ஹீட்டரை முழுக்கத் திறந்து ஓட்டுகிறேன்.

ஏறுகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள்.
அமு தார்யா பாலத்து வரிசையில்
சிரிப்பு நின்றுபோகும்.
முள் சிவப்பை முகரும்.
எஞ்சினின் காய்ச்சலை வாங்கி
எல்லார் முழங்காலிலும் ஊற்றுவேன்.
வேறு வழி?
கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்தவன் முகத்தை
நான் பார்த்திருக்கிறேன்.

பின்சீட்டு முழுக்க டாக்டர்கள்.
ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், என்றார் பள்ளி இன்ஸ்பெக்டர்.
தண்ணீர் ஊற்றாதீங்க அக்கா, கூலன்ட், என்றான் ஒரு பையன்
காது ஒயரைக் கழற்றாமலே.
அதிரஸ்பான் புகை காட்டினாயா,
யாரோ கண் வைத்துவிட்டார்கள், என்றாள் தர்பூசணிக்காரி.

மெக்கானிக் பெர்தேபாய் தெர்மோஸ்டாட்டை மாற்றினான்.
அவன் தம்பி வாட்டர் பம்ப்பை.
மூன்றாமவன் மூடியை மட்டும் மாற்றி
மூன்றுக்கும் சேர்த்துக் காசு வாங்கினான்.
முள் ஒருத்தனையும் மதிக்கவில்லை.

பழைய தெர்மோஸ்டாட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்
டீத் தண்ணீரில் போட்டேன்.
கொதி வருவதற்குச் சற்று முன்
பித்தளை வாய் மெல்லத் திறந்தது.
அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.
"காசு கொடுத்து நல்லதைக் கழற்றியிருக்கிறாய்"
என்றான் என் கணவன் ஜியென்பாய்,
அந்தத் தண்ணீரைக் கொட்டி
வேறு தண்ணீர் வைத்தபடி.

பிறகு அந்தக் கேக்.
ஓரின்குல் என்று பேர் சொன்னாள்,
அக்கா மகள் கல்யாணத்துக்கு மூன்றடுக்கு,
மடியில் வைத்திருந்தாள்.
கோஜெய்லி தாண்டியதும் ரோஜாக்கள் சாய்ந்தன.
கோங்கிராத்தில் இறங்கி
மூடியைத் திறந்து பார்த்து மூடினாள்.
முழுக் காசையும் எண்ணிக் கொடுத்தாள்.
திட்டியிருந்தால் அன்று தூங்கியிருப்பேன்.

அந்த ராத்திரிதான்
ஊகிக்காமல் பார்த்தேன்.
விசிறி சுற்றுகிறது.
மேல் குழாய் சுடுகிறது, கீழ்க் குழாயும் சுடுகிறது.
அப்படியானால் தண்ணீர் ஓடுகிறது,
ஆறத்தான் இல்லை.
கிரில்லின் மேல் ஒரு தாளை வைத்தேன்.
விசிறி அதை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும்.
தாள் நழுவி என் காலடியில் விழுந்தது.

கடல் வற்றிய இடத்திலிருந்து உப்பை வாரிவந்து
பல்லிடுக்கில் வைக்கிற காற்றுள்ள ஊரில்
என் எஞ்சினுக்கு மூச்சில்லை.

நாலு போல்ட்.
கண்டென்சரை முன்னால் சாய்த்து டார்ச் அடித்தேன்.
அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே
வெளியிலிருந்து யார் கண்ணிலும் படாத விரலகல இடுக்கில்
சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி,
கூடாரத்துக்குப் போர்த்தலாம், அவ்வளவு நெருக்கம்.
உரித்தேன். ஒரே துண்டாய் வந்தது.
மூன்று மே மாதத்து பாப்லர் பஞ்சு,
கொசு, தூசி, உப்பு.

ஸ்டாண்டில் நாங்கள் சண்டை போட்டு இடம்பிடிப்பது
அந்த பாப்லர் வரிசைக்குக் கீழேதான்.
வண்டி சூடேறக் கூடாதே என்று.

தகடு வளையாதபடி
பின்பக்கமிருந்து மெல்லிய தாரையாய்த் தண்ணீர் விட்டேன்.
விடியும்வரை கறுப்பாக வந்தது,
அப்புறம் பழுப்பாக,
அப்புறம் வெறும் தண்ணீராக.

மறுநாளும் மரத்தடியில்தான் நிறுத்தினேன்.
வெயிலில் நிறுத்தச் சொல்கிறவர்கள்
ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்கட்டும்.
டிக்கியில் இப்போது ஒரு பிரஷ் கிடக்கிறது.

பாலத்து வரிசையில் ஏசி ஓடியது.
முள் நடுவில் உட்கார்ந்து எழவே இல்லை.
குளிர்கிறது, கொஞ்சம் குறையேன், என்றார்
அதே இன்ஸ்பெக்டர்.
குறைக்கவில்லை.

முன்சீட்டில் ஒரு மூட்டை வெங்காயம்
சொகுசாகப் பயணம் செய்தது.
ஓரின்குல்,
உன் நம்பரை நான் வாங்கிவைக்கவில்லை.