துளி எண்ணும் வேலை

பைனஸ் காட்டில் எனக்கு வேலை
துளி எண்ணுவது.
கொழுந்துக் கத்தரி பெருவிரலில் ஏறியதில்
மலைக்குப் போக முடியாத இருபத்தொரு நாள்.
கெம்பஸ்ஸிலிருந்து வந்த இனோகா மிஸ்தான் கேட்டாள்:
"அக்காவுக்குச் செக்கன் எண்ண வருமா?"

வரும்.
எங்கள் பீலியில் ஒரு குடம் நிறைய
மார்கழியில் நாற்பது எண்ண வேண்டும்,
கச்சான் காற்று அடிக்கிற ஆவணியில் எழுநூறு,
அதுவும் சந்தனமேரி முந்திக்கொள்ளாத நாளில்.

ஊசிச் சருகை ஒதுக்கி
மருந்துக் குழலால் ஒரு சொட்டு விடுகிறேன்.
சொட்டு உட்காருகிறது.
சேம்பிலையில் என்றால் சரி,
இது மண்!
உருண்டு திரண்டு
அப்புத்தளை வானத்தையும் என் தலைத்துண்டையும்
குட்டியாகக் காட்டிக்கொண்டு.

நூறு.
இருநூற்றுப் பத்து.
எறும்பு ஒன்று வந்து குடித்துவிட்டுப் போகிறது.
நானூறு.
சொட்டு இன்னும் வெளியேதான் நிற்கிறது,
ஆபீஸ் வாசலில் அட்வான்ஸ் கேட்டு நிற்கும் ஆள் மாதிரி.

"எழுதுங்க அக்கா,
இது தண்ணீர் பிடிக்காத மண்."
எந்தப் பிடிக்காது என்று கேட்டேன்.
விருப்பமில்லையா,
பிடித்து வைக்கத் தெரியவில்லையா?
மிஸ் பேனையை நிறுத்தினாள்.
சிங்களத்தில் அது இரண்டும் வேறு வேறு வார்த்தையாம்.

போன ஆடியில் இந்தக் காடு எரிந்தது.
ஊசியிலையில் இருந்த மெழுகு ஆவியாகி
மேலே போனது பாதி,
மண்ணுக்குள் இறங்கியது பாதி.
ஒவ்வொரு மணலும் இப்போது
ஒரு மெல்லிய சட்டை போட்டிருக்கிறது என்றாள்.
எங்கள் லயத்துக் கூரைக்கும்
யாராவது அப்படி ஒன்று தைத்துக் கொடுக்கலாம்.

பிறகு ஒரு கேன் நீலச் சாயம்,
"குடித்தாலும் ஒன்றும் செய்யாது" என்று
இரண்டு தடவை சொல்லி,
நான்கு முழச் சதுரத்தில் மெல்ல ஊற்றினாள்.
மறுநாள் மருதவீரன் அண்ணன் குழி வெட்டினார்,
கான் வெட்டிப் பழகிய கை,
சுவர் கத்தியால் அறுத்தது போல் நின்றது.

சொட்டு நீலத்தில் முக்கிய வேட்டிபோல்
ஒரே சீராக ஊறியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.
இல்லை.
விரல்கள்.
மேலிருந்து கீழே நீண்ட நீல விரல்கள், ஆறோ ஏழோ.
நடுவில் இருந்த மண்
மாவுபோல் காய்ந்து,
ஊதினேன், பறந்தது.
ஒரு விரல் மட்டும்
செத்த வேரின் பொந்துக்குள் நுழைந்து
கீழே, இன்னும் கீழே.
அண்ணன் இடுப்பளவு தோண்டியும்
அதன் நகம் அகப்படவில்லை.

அன்று இரவு ஐப்பசியின் முதல் மழை,
தகரம் கிழிகிற மழை.

விடிந்ததும் பீலியடியில் சத்தம்.
"எவடி தண்ணியில நீலம் கரைச்சது?
பெரியவனுக்கு ஸ்கூல் சட்டை ஊற வச்சிருக்கேன்!"
சந்தனமேரி.
கையில் வெள்ளைச் சட்டை,
வெள்ளை என்று சொல்ல யோசிக்க வேண்டிய நிறத்தில்.
பீலி பருத்த வேகத்தில் கொட்டுகிறது.
எண்ணினேன்: பதினெட்டில் குடம்.

மலை குடிக்கவில்லை.
ஒரு பொந்து வழியாக
ஒரே ராத்திரியில் விட்டுவிட்டது.
ஆவணிக்கென்று அதன் மடியில்
ஒரு சொட்டும் முடிந்து வைக்கவில்லை.

போன ஆவணியில்
"மேல் லயத்தாள் ஓஸ் பைப் போட்டு இழுக்கிறாள்" என்று
ஊரைக் கூட்டியவள் நான்.
அவள் குடத்தை எத்தி உடைத்ததும்
இதே கால்தான்.

ஈரத்தில் நின்றுகொண்டு எல்லாம் சொன்னேன்,
தீ, மெழுகு, விரல், பொந்து,
யாரும் திருடவில்லை, மேரி, மண் பிடிக்கவில்லை என்று.
அவள் என்னையே பார்த்தாள்.
பழக்கத்தில் எண்ணத் தொடங்கினேன்.
முப்பது.
நாற்பத்தைந்து.
சட்டையைப் பிழிந்தாள்.
அறுபத்திரண்டு.

"சரி," என்றாள்,
"அப்ப என் கொடம்?"