தவிட்டுக்கு வாங்கியது

தட்டோன் ஆலையில் நான் எடைக்காரன்.
அரிசி முன்வாசல் வழியாகக் கப்பலுக்கு,
நொய் சந்தைக்கு,
தவிடு பின்வாசல் வழியாகப் பன்றிப் பண்ணைக்கு.
நாளுக்கு நாற்பது மூட்டை தவிடு
என் தட்டில் ஏறி இறங்கும்.
பென்சிலால் கோடு கிழிப்பேன்,
தோளில் ஒட்டியதைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வருவேன்.

எழுபதாம் நாள் பிள்ளை அழுதது.
முகம் சிவந்து, கால் உதைத்து,
நெற்றி நரம்பு புடைக்க அழுதது.
சத்தம் மட்டும் வரவில்லை.
ஒலியை அணைத்துவிட்டு டீவி பார்ப்பதுபோல்
நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள்.
தைலம்மையின் மார் கசிந்தது.
பிள்ளை குடிக்கவில்லை.

மூத்தவனும் இப்படித்தான்.
மூன்றாம் மாதம், வாய் அசைய, குரல் இல்லாமல்,
பாதம் வீங்கி.
கண்ணேறு என்றோம்.
அதனால்தான் இவள் பிறந்த அன்றே
எதிர்வீட்டு மா சோ யீ மடியில் போட்டு,
ஒரு முறம் தவிடு அளந்து
திரும்ப வாங்கினோம்.
மா சோ யீ அந்தத் தவிட்டை வாத்துக்குப் போட்டாள்.
வாத்துகள் கொழுத்தன.

ஆஸ்பத்திரியில் ஸயாமா
பிள்ளையைப் பார்க்கும் முன் தாயைக் கேட்டாள்:
என்ன சாப்பிடுகிறாய்?
வெள்ளைச் சோறு, உப்பு, இஞ்சி.
பயறு?
பத்தியம்.
மீன்? முட்டை?
பத்தியம்.
அரிசியை எத்தனை தரம் கழுவுவாய்?
தண்ணீர் கண்ணாடியாகும் வரை.
கஞ்சி?
வடித்துவிடுவேன், ஸயாமா.
நன்றாகச் சமைக்கிறவள் என்ற பெருமை
அந்தப் பதிலில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

ஊசி போட்டார்கள். பி ஒன்று என்றார்கள்.
காத்திருக்கச் சொன்ன பெஞ்சுக்கு எதிரில் ஒரு படம்.
பர்மிய எழுத்தை விரல் வைத்துப் படித்தேன்.
ஏ இல்லாவிட்டால் மாலைக்கண்.
சி இல்லாவிட்டால் ஈறு அழும், புண் ஆறாது.
டி-க்கு மட்டும் காசு வேண்டாம்,
வெயில் தோலில் பட்டால் போதும், எலும்புக்குப் போய்விடும்.
கே ரத்தத்தை உறையவைக்கும்.
பிறந்த அன்று இவள் தொடையில் போட்டது அதுவாம்;
கையெழுத்துப் போட்டவன் நான், தெரியாமல்தான் போட்டேன்.
ஈ-க்கு எதிரே என்னவோ எழுதியிருந்தது,
அந்த இடத்தில் சுவர் ஈரம்.

பி மட்டும் கூட்டுக் குடும்பம்.
எட்டுப் பேர். எண் பன்னிரண்டு வரை போகிறது,
நாலு, எட்டு, பத்து, பதினொன்று ஆளே இல்லை.
எங்கள் ஆலை ஆஜர்ப் பட்டியல் மாதிரி.
மூத்தவன் பி ஒன்று.
அவன் வராவிட்டால்
வயிறு நிறையச் சோறு இருந்தும் உடம்புக்குள் அடுப்பு எரியாது.
இதயம் தடுமாறும். தொண்டை நரம்பு சோரும்.
அவன் இருக்குமிடம்: பயறு, நிலக்கடலை, பன்றி இறைச்சி,
தவிடு.

அந்தச் சொல்லை இரண்டு தரம் படித்தேன்.

எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன், எடைக்காரன் அல்லவா.
தாய்க்கு ஒரு நாளைக்கு ஒன்றரை மில்லிகிராம்.
என் தராசின் கடைசிக் கோடு கால் வீசை.
அதற்குக் கீழே உள்ளதையெல்லாம்
பதினாறு வருடமாகத் தூசு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரத்தில் மூச்சு இறங்கியது.
பால் குடித்தாள்.
குரல்?
வரும், ஆனால் மெதுவாக என்றாள் ஸயாமா.
மூத்தவனைப் பற்றி அவளிடம் நான் கேட்கவில்லை.
தைலம்மையும் கேட்கவில்லை.
பஸ்ஸில் வரும்போது அவள் ஒரே ஒரு தரம் சொன்னாள்:
நாலு தரம் கழுவினேன்.

மறுநாள் பின்வாசலில் முப்பத்தொன்பது மூட்டை போனபின்
நாற்பதாவதிலிருந்து துண்டு நிறைய அள்ளினேன்.
மேஸ்திரி சிரித்தான்: பன்றி வளர்க்கிறாயா?
ஆமாம் என்றேன்.

மூன்றாம் இரவு, கரண்ட் இல்லை.
எண்ணெய் காணாத கீல் போல் ஒரு சத்தம்.
எலி என்று நினைத்தேன்.
பிறகு கீல் உடைந்து கதவே திறந்துகொண்டது:
வீடு கொள்ளாத அலறல்.
பக்கத்து வீட்டு ஊ துன் ஷ்வே
சுவரைத் தட்டினார்.

தட்டட்டும்.